பதினான்காம் நம்பர் தாளும் துறைமுகப் படமும்

மேற்குத் தாம்பரம்
8-2-1970, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகன் ஐசக்குக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் அந்தக் கிருபைக்குள் வந்து சேரவில்லை. ராஞ்சிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை நான் படித்துச் சொன்னேன், இருபது வருஷமாகப் பிள்ளைகளின் கையெழுத்தைப் படித்துப் பழகியவள் என்பதால் எனக்கு மட்டும் உன் எழுத்து பிடிபடுகிறது. வரைபடத்தில் எழுத்துகள் எழுதும்போது உன் கை மெதுவாகப் போகிறது, சாயங்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது, தலைமை டிராப்ட்ஸ்மேன் ஏப்ரலுக்குள் எழுத்து திருந்தாவிட்டால் வேலையை நிரந்தரம் செய்வது கஷ்டம் என்று சொல்லிவிட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். தினம் ஒரு மணி நேரம் காப்பி நோட்டில் எழுதிப் பழகு, சோம்பல்தான் காரணம் என்று இரண்டு பக்கத்துக்கு உபதேசம் எழுதினேன். அந்தத் தாளை இன்று காலை கோயிலுக்குப் போவதற்கு முன்னால் கிழித்து அடுப்பில் போட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், நடுவில் தாவிப் போய்ப் படிக்காதே.

முதலில் மற்ற சேதி. மார்ச் முதல் வாரம் நம் சபை அசரியா மாமா கல்கத்தாவுக்குப் போகிறார், போகும் வழியில் உன்னைப் பார்க்கிறேன் என்கிறார். வழி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஆனாலும் நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, இரண்டு பனியன், ஒரு மப்ளர் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள், பெட்டிக்குள் மடித்து வைக்காதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. முருங்கை மரத்தை எதிர்வீட்டு ஆடு ஆளுயரம் வரைக்கும் மொட்டையடித்துவிட்டது, ஆட்டின் சொந்தக்காரரான சாம்பசிவன், அதுதான் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டையரானவர், ஆடு என்றால் தின்னத்தானே செய்யும் என்று தத்துவம் பேசுகிறார். மின்சார ரயிலில் கூட்டம் தாங்கவில்லை, அப்பா பீச் ஸ்டேஷன் வரைக்கும் நின்றுகொண்டே போகிறார், உட்கார்ந்தால் முழங்காலை மடக்க வேண்டியிருக்கிறது, நிற்பதே மேல் என்கிறார். ஆபீஸில் பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் என்று விரல் விட்டு எண்ணுகிறார். எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் ஆகிறது, நான் எதையும் எண்ணுவதாக இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் காலனி மன்றத்தில் மாதம் ஒரு தடவை மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவது உனக்குத் தெரியும். போன வருஷம் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனுக்கு உளவாளிப் படப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர் பத்திரப் பதிவு ஆபீஸ்காரர், எதையும் வருஷவாரியாக அடுக்கி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் 1966-இல் வெளிவந்த உளவாளிப் படங்களாகப் பார்த்து மூன்றை வரவழைத்தார். ஒன்று தமிழ், துறைமுகத்தில் கூலி வேஷம் போட்டுத் திரிகிற ரகசியப் போலீஸ்காரன் கதை, எல்லாரும் அதைத் துறைமுகப் படம் என்றே சொல்கிறார்கள். இன்னொன்று இந்தி, முழுக்கப் பனிமலை. மூன்றாவது இங்கிலீஷ், அதில் யார் நல்லவன் யார் கெட்டவன் என்று கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடித்தது, பேச்சு குறைவாக இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினார். மூன்றும் ஓடி முடிந்த பிறகு, அந்த வருஷத்துப் படங்களில் எது சிறந்தது என்று காலனியே தேர்ந்தெடுக்கட்டும், அதை ஆண்டு விழாவில் மறுபடி போடுவோம் என்று செயலாளர் சொன்னார். வெறும் ஓட்டுப் போட்டால் போதாது, போன தடவை தொட்டில் குழந்தைகளின் பேரிலும் ஓட்டு விழுந்திருந்தது, ஆகையால் தனக்குப் பிடித்த படம் எது, ஏன் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், படத்தைப் பார்த்தவர்தானா என்று நடுவர்கள் சரிபார்த்துக் குறிப்பு எழுதுவார்கள் என்று முடிவாயிற்று. நடுவர்கள் மூன்று பேர், செயலாளர், ஆட்டுக்காரர் சாம்பசிவன், நான். நோட்டீஸை நான்தான் எழுதினேன். மன்ற உறுப்பினர்கள் மட்டும் என்று அவர் சொன்னதை அடித்துவிட்டு, இங்கே படம் பார்த்த யாரும் எழுதலாம், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள் என்று போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள்ளே கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பின்னால் என் வார்த்தையே என்னைப் பிடித்துக்கொண்டது.

மொத்தம் இருபத்தேழு தாள் வந்தது. யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதற்காகச் செயலாளர் பேரையெல்லாம் மடித்து ஒட்டி நம்பர் போட்டு ஆளுக்கு ஒன்பதாகப் பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பத்திலிருந்து பதினெட்டு வரை. பதினான்காம் நம்பர் பென்சிலில் எழுதியிருந்தது, எழுத்தெல்லாம் தேய்ந்து மங்கித் தாளே சாம்பல் பூத்திருந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். எனக்குப் புடிச்சது துறைமுகப் படம், அதுல வர்ற போலீசுக்குப் பீச்சாங்கை, துப்பாக்கி புடிக்கிறது பூட்டு தொறக்கிறது சோறு துன்றது சலூட் அடிக்கிறது எல்லாம் பீச்சாங்கைல, ஒருத்தரும் அவனை ஏன்டா அந்தக் கைன்னு கேக்கல, பெரிய ஆபீசரு கூடக் கேக்கல, அதனால அதான் நல்ல படம். அவ்வளவுதான். ஐசக், அந்தப் படத்தை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள். அந்த ரகசியப் போலீஸ் வலது கையால்தான் சுடுகிறான், வலது கையால்தான் சாப்பிடுகிறான், இடது கையில் கடிகாரம் கட்டியிருக்கிறான். யாரோ படம் பார்க்காமலே கதை விட்டிருக்கிறார்கள் என்று சிவப்பு மசியில், படம் பாராமல் எழுதியது, தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிஷம் இருக்கும். அந்தத் தாளைத் தள்ளியதும் துறைமுகப் படத்துக்குப் பதினொன்று, இங்கிலீஷ் படத்துக்குப் பதினொன்று, பனிமலைக்கு நாலு என்று நின்றது. சமமாக வந்தால் செயலாளர் ஓட்டே முடிவு, அவர் ஓட்டு இங்கிலீஷ் படத்துக்கு. எல்லாத் தாளையும் நடுவர் குறிப்போடு மன்றத்துப் பலகையில் ஒட்டினார்கள், அதுவும் அவருடைய ஏற்பாடுதான், ஒளிவுமறைவு கூடாதாம். ஒட்டும்போது மடித்திருந்த பேர்களையும் பிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒட்டியது, அன்று சாயங்காலம் முழுக்கப் பதினான்காம் நம்பர் முன்னால் நின்று ஆண்பிள்ளைகள் இடது கையால் சலூட் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் தூரத்திலிருந்தே பார்த்ததால் பேரைப் படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பச்சையம்மா பாத்திரம் தேய்க்க வந்தாள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிறாளே, நீ ஊருக்குக் கிளம்பும்போது ஒரு படி வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாளே, அவள்தான். வந்ததும் வராததுமாகச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டு, ஏன் டீச்சர், நான் படம் பாக்கலன்னு உன்கிட்ட யாரு சொன்னது என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நீ எழுதினதா அது என்றேன். ஏன், எங்களுக்கு எழுத வராதா, மூணாவது வரைக்கும் போயிருக்கேன், அதுக்கு மேல டீச்சரு கையக் கட்டி வச்சு அடிச்சிச்சி, போடீன்னு வந்துட்டேன் என்றாள். சரி, பார்த்திருந்தால் கதையைச் சொல் பார்க்கலாம் என்று நான் பரீட்சை வைத்தேன், வாத்தியார் புத்தி எங்கே போகும். அவள் தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்துக்கொண்டே ஆதியோடந்தமாகச் சொன்னாள். கிரேன் மேல் நடக்கும் சண்டை, மீன் கூடைக்குள் ஒளித்து வைத்த ரேடியோ, கப்பல்காரன் பெண் பொய்யாக அழுவது, ஒன்று விடவில்லை. ஆனால் கறுப்புத் துணி கட்டிய வில்லனுக்கு இடது கண் குருடு, அவள் சோத்தாங்கைப் பக்கத்துக் கண் என்றாள். காரில் அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டினான் என்று இடது பக்கத்தைக் காட்டினாள். கதாநாயகி மாராப்பை வலது தோளில் போட்டிருந்தாள் என்றாள், சேட்டு வீட்டுப் பொண்ணு மாதிரி கீது என்று சிரிக்காமல் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பரைத் தாழ்த்தாமலே, அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள் என்று கேட்டாயா மெட்டில்டா என்றார்.

அவ்வளவுதான், எனக்கு உறைத்தது. திரைக்கு முன்னால் நாற்காலி, அதற்குப் பின் பெஞ்சு, அதற்குப் பின் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறவர்கள். திரைக்கு அந்தப் புறம், மண்ணில், ஏரிக்கரை ஜனங்கள். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த திரைதானே, வெளிச்சம் ஊடுருவி அந்தப் புறமும் படம் தெரியும், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் வலது இடதாக மாறித் தெரியும். மூன்று வருஷமாக அவர்கள் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள். யாரும் அவர்களை அங்கே போ என்று சொன்னதில்லை, சொல்லாமலே போகிற அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். படிப்பு, கூட்டுறவு, நலச்சங்கம் என்று மைக்கில் பேசுகிற நாம்தான். உன் அம்மாவும் அதில் அடக்கம், சமத்துவம் என்று நோட்டீஸ் எழுதிவிட்டு முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்தவள். இன்னொன்றும் பார்த்தேன். பச்சையம்மா இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக நம் வீட்டில் தேய்க்கிறாள், அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. நீ பார்த்தது நிஜம்தான் பச்சையம்மா, தப்பு என்னுடையது, நான் சரி பண்ணுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் போலீஸ்காரனுக்கு வலது கைதான் என்று சொல்ல மனசு வரவில்லை. அவனும் தன்னை மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதைப் பிடுங்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலமே செயலாளர் வீட்டு வராந்தாவில் போய் நின்றேன். அவர் மோர் கொடுத்தார், நான் குடிக்கவில்லை. குறிப்பு எழுதியாயிற்று, பலகையில் ஒட்டியாயிற்று, இனிமேல் மாற்றினால் மன்றத்துக்கே கெட்ட பேர் மேடம் என்றார். வலது கைக்காரனை இடது கை என்று எழுதினால் தப்பு தப்புதானே என்றும் கேட்டார். அவர் வாசலில் தொங்கிய நோட்டீஸைக் கழற்றி விளக்குக்கு நேரே திருப்பிப் பிடித்து, இதைப் பின்னாலிருந்து படித்துச் சொல்லுங்கள், தப்பில்லாமல் படித்தால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். மனுஷர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாம்பசிவன், அவங்களுக்கு அங்கதாம்மா வசதி, ஏரிக் காத்து நல்லா வரும் என்றார். அப்படியானால் உங்கள் நாற்காலியை அங்கே போட்டுக்கொள்ளுங்கள் சார், உங்களுக்குத்தான் ஆஸ்துமா என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. செயலாளர் கெட்டவர் இல்லை ஐசக், அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு முடித்துவிடலாம், இவர்கள் எல்லாரும் நல்லவர்கள், மோர் கொடுப்பார்கள். நம் சபையில் மட்டும் என்ன வாழ்கிறது, கோயில் பெருக்குகிற ரத்தினபாய் கடைசி பெஞ்சைத் தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்ததை நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா. கடைசியில் அவர் எழுதிய விதிகளிலேயே மூன்றாவது விதி கைகொடுத்தது, முடிவை அறிவிக்கும் முன் நடுவர் தன் குறிப்பைத் திருத்தலாம் என்று இருந்தது. விதி என்றதும் அவர் அடங்கிவிட்டார். அங்கிருந்து நேரே மன்றத்துக்குப் போய், எல்லாரும் பார்க்க என் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, இவர் படம் பார்த்தவர், பார்த்த பக்கம் வேறு, தவறு என்னுடையது, மெட்டில்டா என்று எழுதினேன். துறைமுகப் படத்துக்குப் பன்னிரண்டு. இங்கிலீஷ் படம் தோற்றது. அப்பா மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார், நல்ல தூக்கம் போயிற்றே என்று.

அதோடு நான் விடவில்லை. ஆண்டு விழாவில் திரைக்கு முன்னால் இடது பக்கம் பாய் விரிக்க வேண்டும், ஏரிக்கரைக்காரர்கள் அங்கே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் வீட்டு சாவித்ரி, எப்போதும் வாயே திறக்காதவள், நானும் வருவேன் என்றாள். இரண்டு பெண்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதைக் காலனி பார்க்க வேண்டாம் என்று ஆண்கள் ஒத்துக்கொண்டார்கள். நேற்று சனிக்கிழமை சாயங்காலம் விழா. எட்டுப் பாய் விரித்திருந்தோம். முதலில் ஒருவரும் வரவில்லை, திரைக்கு அந்தப் புறமே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சாவித்ரியும் போய்க் கூப்பிட்டோம். இன்னா டீச்சர், திடீர்னு மரியாதை, எலெக்சன் வருதா என்று ஒரு கிழவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பச்சையம்மா நல்ல புடவை கட்டித் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு முதல் பாயில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள்.

அப்போதுதான் ஐசக், எனக்குத் திடுக்கென்றது. இத்தனை நாள் பாய்க்காகச் சண்டை போட்டேனே, அந்தப் பாயில் உட்கார்ந்தால் அவள் என்ன பார்க்கப்போகிறாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அந்தப் போலீஸ்காரன் வரப்போகிறான், வலது கையால் சலூட் அடிக்கப்போகிறான், அவள் பக்கத்திலேயே நான். உபகாரம் செய்வதாக நினைத்து அவள் படத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று பட்டது. அவன் வந்தான். வலது கையால் சலூட் அடித்தான். நான் திரையைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலது கையால் பூட்டைத் திறந்தான், வலது கையால் சோறு தின்றான். ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள். பச்சையம்மா எழுந்தாள், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், திரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் புறம் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். மண்ணில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பச்சையம்மா, நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அவனுக்கு வலது கைதான், இங்கேயிருந்து பார்த்தால் மாறித் தெரியும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. அது எனக்குத் தெரியாதா டீச்சர், எழுத்தெல்லாம் திரும்பிக்கினு வருதே, மூணாவது படிச்சவளுக்கு அது கூடவா வெளங்காது, மொதல் நாள்லயே தெரியும் என்றாள். பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். நோட்டீசுல இன்னா போட்டிருந்தே, பாத்ததை எழுதுன்னுதானே, நான் உக்காந்த எடத்துலருந்து அவனுக்குப் பீச்சாங்கை, அதை எழுதுனேன், நீ உக்காந்த எடத்துலருந்து பாக்கணும்னு போடலியே என்றாள். சரி, அங்கே பாய் போட்டிருக்கிறதே, ஏன் எழுந்து வந்தாய் என்றேன். அங்க உக்காந்தா அவன் எல்லாரையும் மாதிரி கீறான், இங்க என்னைய மாதிரி கீறான், எனக்கு இதுதான் புடிச்சிருக்கு என்றாள். நான் திரும்பப் போகலாம் என்று காலை எடுத்து வைத்தேன், உடனே, பாயை மட்டும் எடுத்துடாதே டீச்சர், மாசா மாசம் அங்கயே போடு, உக்கார்றதும் உக்காராததும் எங்க இஷ்டம் என்றாள். அதைவிடச் சுருக்கமாக ஒரு தீர்மானத்தை நம் மன்றத்தில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

நானும் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி வரைக்கும் அங்கேயே பார்த்தேன். நாலாவது ரீலில் அவன் இடது கையால் துப்பாக்கியை எடுத்தபோது அவள் தன் இடது கையை மடியிலிருந்து எடுத்து மண்ணில் ஊன்றி முன்னால் சாய்ந்து பார்த்தாள். எனக்குப் படம் ஓடவில்லை ஐசக், அவளுடைய பதினான்காம் நம்பர் தாள்தான் கண்ணில் ஓடியது. எழுதிக்கொண்டே போகும்போது இடது கை, எழுதிய எழுத்தின் மேலேயே தேய்ந்துகொண்டு போகும், அதனால்தான் தாள் முழுக்க அப்படி மங்கியிருந்தது. அந்த மங்கலை எனக்கு முன்னமே தெரியும். உன் முதல் சிலேட்டில் பார்த்திருக்கிறேன். நீ எழுத எழுத அழிந்துகொண்டே போகும், பாதி எழுத்து உன் புறங்கையில் ஒட்டியிருக்கும். டீச்சர் பிள்ளை இப்படியா என்று நாலு பேர் கேட்பார்கள் என்று எனக்குப் பயம். உனக்கு ஐந்து வயது. என் கைக்குட்டையால் உன் இடது கையை நாற்காலிக் கம்பியோடு கட்டினேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஜூனிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும். நீ அழுதாய், பிறகு அழுவதை நிறுத்திவிட்டாய், நான் ஜெயித்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன். அப்பா அன்றைக்கும் பேப்பரைத்தான் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் கேட்டிருக்கலாம். பச்சையம்மாவின் கையைக் கட்டிய டீச்சர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த டீச்சரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அந்த உபதேசத் தாளை அடுப்பில் போட்டேன். உன் எழுத்து திருந்தாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பதினெட்டு வருஷமாக நீ இன்னொருத்தன் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாய், அது வலிக்கத்தான் செய்யும். ஏப்ரலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலை இடது கையில் எடு, முதல் வாரம் கோணலாக வரும், வரட்டும். கோடு போடுகிற டி-ஸ்கொயரையும் விளக்கையும் வலது பக்கமாக மாற்றி வைத்துக்கொள், நிழல் விழாது. தலைமை டிராப்ட்ஸ்மேன் ஏன் அந்தக் கை என்று கேட்டால், எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் சார் என்று சொல். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினால் நீ பெரிய மனுஷனாக அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா என்று எழுதுவாய், அப்படி எழுதாதே. உனக்குக் கோபம் இருந்தால் கோபத்தை எழுது, நான் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் இரண்டாம் வகுப்பில் லோகநாயகி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், போன வெள்ளிக்கிழமைகூட அவள் கையில் இருந்த பல்பத்தைப் பிடுங்கி வலது கையில் வைத்தேன். நாளைக்கு அதை அவள் இஷ்டப்பட்ட கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், தலைமையாசிரியர் கேட்டால் அவருக்கும் ஒரு சினிமாக் கதை சொல்ல வேண்டும்.

கர்த்தர் உன் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக, இரண்டு கைகளையும். அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், முழங்காலைப் பற்றி எழுதாதே என்றும் சொன்னார், எழுதிவிட்டேன். பச்சையம்மா, ஐசக் தம்பிக்கு நான் கேட்டதாகச் சொல்லு என்றாள், வேர்க்கடலையும் அசரியா மாமா மூட்டையில் வருகிறது. மறக்காமல் மப்ளர். மறக்காமல் பதில் போடு, அந்தப் பதிலை இடது கையால் எழுது, நாலு வரி போதும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் நான் படித்துவிடுவேன். கீழே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயப்பட வேண்டாம், உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நாலாவதாக இங்கே போடுகிறேன், இது என் இடது கை.

உன் அம்மா,
மெட்டில்டா